வீட்டில் வைத்துப் பார்ப்பதா, உடன் தங்கிச் சேர்ப்பதா, இல்லத்தில் விடுவதா? மனநோயில் துவளும் ஒருவருக்குத் துணை நிற்கும் வேலூர் வட்டாரக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவரை இனி எங்கே வைத்துப் பார்ப்பது, யார் பார்ப்பது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. குடியாத்தம், ஆம்பூர், அணைக்கட்டு, ஆற்காடு என்று பழைய வட ஆற்காட்டின் பல ஊர்களிலிருந்து என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். அண்ணன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். மாமா பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் சேர்க்கச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் எங்கோ ஓர் இல்லம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். பெரியம்மா சோளிங்கர் கோயிலுக்கு ஒரு நடை போய் வரச் சொல்கிறார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வழிகளை ஒரே அளவுகோலால் யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால், வீட்டில் யாருடைய குரல் பெரிதோ அவர் சொன்னதே முடிவாகிவிடுகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் உயிர். அவர் சாவைப் பற்றிப் பேசுகிறாரா, தன்னை முடித்துக்கொள்ளச் சொல்லும் குரல் காதில் கேட்பதாகச் சொல்கிறாரா, நாள்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் இருக்கிறாரா, பிறரைத் தாக்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எது இருந்தாலும் ஒப்பீடு பிறகு. முதலில் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். "செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்டுவிட்டால் பலர் மனம் திறந்து பேசவே செய்கிறார்கள். நிலம் உள்ள வீடாக இருந்தால், பூச்சிமருந்து டப்பாக்களை அன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது அவருடைய விருப்பம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 (நடைமுறைக்கு வந்தது 2018 மே 29) சிகிச்சையை அவரவர் சம்மதத்தின் மீதே நிறுத்துகிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏமாற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன ஒருவர், அடுத்த முறை மருத்துவமனைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்.

மூன்றாவது அளவுகோலைத்தான் நான் எல்லாவற்றிலும் கனமானதாகக் கருதுகிறேன்: யார் கூட இருப்பார், எத்தனை காலத்துக்கு? மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) முதல் முறை வந்து தணிந்த பிறகுகூட, ஓரிரு ஆண்டுகள் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. ஆனால் நம் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடுகின்றன: நகை அடகுக்குப் போகிறது, எல்லோரும் விடுப்பு எடுக்கிறார்கள், உறவு முழுவதும் மருத்துவமனை வாசலில் நிற்கிறது. எட்டாவது மாதம் மாத்திரை நின்று, தூக்கம் கெட்டு, பழைய பேச்சு மறுபடி தலைகாட்டும்போது யாரிடமும் பணமும் இல்லை, விடுப்பும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே எந்த வழியைப் பார்க்கும்போதும், "இதை இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போக நம்மால் முடியுமா?" என்று கேளுங்கள்.

இவற்றோடு பணத்தையும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணம் என்றால் மருத்துவமனைச் சீட்டில் உள்ள தொகை மட்டும் அன்று. உடன் இருப்பவர் இழக்கும் கூலியும் அதில் அடக்கம். தூரம் என்றால் ஒருமுறை போய்ச் சேரும் தூரம் அன்று. மாதாமாதம் போய்வர வேண்டிய தூரம்.

## வீட்டிலிருந்தபடியே வெளிநோயாளியாகப் பார்ப்பது

உயிராபத்து இல்லை, மாத்திரை சாப்பிட மறுக்கவில்லை, வீட்டில் ஒருவராவது பகலில் இருக்கிறார் என்றால், இதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. அவருடைய படுக்கையும் தட்டும் தெருவும் மாறுவதில்லை. நோயாளி என்ற முத்திரையும் அவ்வளவு ஆழமாகப் பதிவதில்லை.

சிகிச்சைக்கு எங்கே போவது என்பதிலும் ஒரு சிறு ஒப்பீடு இருக்கிறது. அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் பணம் கேட்பதில்லை. கூட்டமும் காத்திருப்பும் இருக்கும், அடுத்த முறை வேறு மருத்துவர் பார்க்கலாம். ஆகையால் ஒரு நோட்டில் மாத்திரையின் பெயர், அளவு, தூக்கம், பசி ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோவது, புது மருத்துவருக்குப் பழைய கதையை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தங்கள் வட்ட அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டுக்கொள்ளலாம்; 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் தங்கள் மாவட்டத் தலைமையிடத்திலேயே விசாரிப்பது நல்லது. தனியார் மனநல மருத்துவர் என்றால் ஒரே முகம், மாலை நேரம், காத்திருப்பு குறைவு. மாத்திரைச் செலவு முழுவதும் நம்முடையது. முதல் மூன்று மாதம் தனியாரிடம் பார்த்துவிட்டு, பிறகு பணம் போதாமல் சிகிச்சையையே நிறுத்திவிட்ட குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். நின்ற பின் தேடுவதைவிட, நிலைமை சீரானதும் அதே மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு மாறிக்கொள்வது எவ்வளவோ மேல். அந்த மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வீட்டு வழியின் மறைவான செலவு கவனிப்பவர்மீது விழுகிறது. பேரணாம்பட்டுப் பக்கத்தில் நான் அறிந்த ஒரு தாய், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடியே இருபத்திரண்டு வயது மகனைப் பார்த்துக்கொள்கிறார். இலையை வெட்டுகிறார், தூளை வைக்கிறார், நூலைச் சுற்றுகிறார். கண் மட்டும் வாசற்படியிலேயே இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மாத்திரையை மகன் உள்ளங்கையில் வைத்து, அவன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து வேறு ஏதாவது பேசுகிறார். வாயைத் திறந்து காட்டு என்று அவர் ஒருநாளும் சொல்வதில்லை. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்பதால் இந்த வழி அவருக்குச் சாத்தியமாகிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குக் காலையில் வேனில் போய் இருட்டிய பின் திரும்பும் ஒரு பெண்ணால் இதே வழியைத் தனியாகத் தாங்க முடியாது. அவருக்கு அக்கம்பக்கத்தில் ஓர் அத்தையோ சித்தியோ பகல் பொறுப்பை ஏற்றாக வேண்டும்.

மாத்திரை வேண்டாம் என்பவருக்கு ரசத்திலோ காபியிலோ பொடித்துக் கலந்து கொடுப்பது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. அந்தத் தாய்மார்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். தன் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற பயமே நோயின் அடையாளமாக உள்ள ஒருவர், ஒருநாள் அதை உண்மையாகவே கண்டுபிடித்துவிட்டால், பிறகு அந்த வீட்டுச் சோற்றையே தொடமாட்டார். மாத்திரைக்குப் பதிலாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீடித்த ஊசிகள் மனச்சிதைவுக்கு உண்டு. மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் ஊர் வெயிலுக்கென்று ஓர் எச்சரிக்கை. இருதுருவ நோய்க்கு (பைபோலார்) லித்தியம் சாப்பிடுபவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். கத்திரி வெயிலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம் என்று எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளும் அந்த அளவை ஏற்றக்கூடியவை. மாத்திரைகள் முழுவதையும் அவர் கைக்கு எட்டும்படி வைக்காமல், கவனிப்பவர் பூட்டி வைத்து அன்றன்றைக்குத் தருவதே பாதுகாப்பானது.

வீட்டு வழி பலிப்பதும் பலிக்காததும் பெரும்பாலும் வீட்டுப் பேச்சைப் பொறுத்தது. குறைகூறலும் ஓயாத கண்காணிப்பும் மிகுந்த வீடுகளில் மனச்சிதைவு திரும்பத் தலைகாட்டுவது அதிகம் என்று 1970-களில் லண்டன் ஆய்வுகள் காட்டின. பின்னர் சண்டிகரில் நடந்த ஆய்வில், அத்தகைய குறைகூறல் நம் நாட்டுக் குடும்பங்களில் குறைவாகவே இருந்தது தெரியவந்தது. அது நமக்கு வாய்த்த பலம். "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்", "உன் வயசுப் பையன் துபாயில் இருக்கிறான்" என்னும் பேச்சுகள் அந்தப் பலத்தைத் தின்றுவிடும். குளிக்காமல் கிடப்பது சோம்பலால் அன்று, நோயால் என்பதை வீட்டில் உள்ள கடைசி ஆள்வரை புரிந்துகொண்டால் பாதிக் கடினம் குறைகிறது.

## ஒருவர் உடன் தங்கி, உள்நோயாளியாகச் சேர்ப்பது

இந்த வழியில் வேலூருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957-இல் திறக்கப்பட்டபோதே, நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை முறையாக அமைந்தது. அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், குடும்பங்களைக் கூடாரங்களில் நோயாளிகளோடு தங்கவைத்துப் பார்த்தார். மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே உலகெங்கும் பெருவழக்காக இருந்த நாட்களில் இந்த இரண்டு இடங்களும் எதிர்த்திசையில் நடந்தன.

இதன் பயன் நோயாளியைவிட உடன் இருப்பவருக்கே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. எந்த மாத்திரையால் நாக்கு உலர்கிறது, எதனால் கால் நிலைகொள்ளாமல் தவிக்கிறது, கோபம் வருமுன் அவர் முகத்தில் எது மாறுகிறது என்பதையெல்லாம் செவிலியர் அருகிலிருக்கும்போதே பார்த்துக் கற்றுக்கொள்கிறார். ஊர் திரும்பும்போது மருந்துச் சீட்டோடு இந்தப் பழக்கமும் கூடவே வருகிறது. மருந்தை மாற்றிமாற்றிப் பார்க்க வேண்டியவர்கள், இரத்தப் பரிசோதனைகளோடு தொடங்கும் க்ளோசபின் போன்ற மருந்து தேவைப்படுபவர்கள், நோய் இன்னதென்றே தெளிவாகாதவர்கள், வீட்டில் மாத்திரையை அறவே மறுப்பவர்கள் ஆகியோருக்கு இதுவே ஏற்ற வழி. அரசு மருத்துவமனை உள்நோயாளிப் பிரிவிலும் பொதுவாக ஒருவர் கூட இருக்கத்தான் சொல்வார்கள்.

இதன் மறைவான செலவு, கூட இருப்பவரின் வாரங்கள். அந்த வாரங்களின் கூலி போகிறது; வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்; ஒருவரே முழுக் காலமும் தங்கினால் அவருக்கும் தூக்கம் கெட்டு உடம்பு தளர்கிறது. மூன்று நான்கு பேர் முறைவைத்துத் தங்குவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமே கற்றுக்கொள்வதால் யாருக்கும் முழுதாகத் தெரியாமல் போகிறது. ஊர் திரும்பிய பின் மாத்திரைப் பொறுப்பை ஏற்கப்போகும் ஆள் யாரோ, அவரையே பெரும்பகுதி தங்கவைத்து, இன்னொருவர் இடையிடையே அவருக்கு ஓய்வு கொடுப்பது சரியாக இருக்கும். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் அதைக் கேட்காமல் விட்டுவிட வேண்டாம்: உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது.

சம்மதிக்காத ஒருவரைச் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேசச் சட்டப்படி குறிக்கப்பட்டவர்) விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பார்த்துத் தேவை என்று ஒப்பினால், 30 நாள்வரை சேர்க்கச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டிப்போட்டு ஆட்டோவில் ஏற்றுவதற்கு எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. சங்கிலியால் பிணைப்பதை 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடைசெய்கிறது.

## இல்லத்தில் விடுவது

பெற்றோர் இருவரும் முதிர்ந்து தளர்ந்துவிட்ட வீடுகள், கூடப்பிறந்தவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள், பலமுறை வன்முறை நடந்து சிறு குழந்தைகள் அஞ்சி வாழும் வீடுகள் உண்டு. இவர்கள் இல்லத்தைத் தேடுவதைப் பாசமின்மை என்று பேசுவது கொடுமை. பல ஆண்டு பார்த்து ஓய்ந்துபோன ஒரு தாய்க்குச் சில மாத ஓய்வு கிடைப்பது அந்த மகனுக்கும் நன்மைதான்.

ஆனால் ஒப்பீட்டில் இதற்கே நான் மிகக் குறைந்த இடம் தருவேன். காரணம், திரும்பி வரும் பாதை இதில்தான் விரைவாக அடைபடுகிறது. ஓராண்டு அவர் இல்லாமல் இருந்த வீட்டில் அவருடைய அறை வேறொருவருக்குப் போய்விடும்; அவர் இல்லாமலே எல்லா முடிவுகளும் எடுக்கப்படும்; நோய் தணிந்த பின்னும் அழைத்து வர ஆள் இருக்காது. மாதக் கட்டணமும் நிற்காத செலவு.

இல்லங்களின் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் இறந்தார்கள். அதற்குப் பிறகு கண்காணிப்பு இறுகியது என்றாலும், பார்க்க வேண்டியதை நாமே போய்ப் பார்க்க வேண்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், மருந்துப் பதிவேடு எங்கே இருக்கிறது, இரவில் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். சொல்லாமல் போனால் பார்க்க விடுவார்களா என்று கேட்டு, விடமாட்டோம் என்றால் அந்த இல்லத்தை அதோடு விட்டுவிடுங்கள். கழிப்பறையையும் படுக்கும் இடத்தையும் கண்ணால் பாருங்கள். வரவேற்பறையை மட்டும் காட்டி அனுப்பும் இடங்கள் உண்டு. சேர்ப்பதாக முடிவானால், எப்போது திரும்ப அழைத்து வருவோம் என்ற தேதியை அவர் முன்னிலையிலேயே பேசி வையுங்கள்.

## கோயிலுக்குக் கூட்டிப் போவது

சோளிங்கரில் குளத்தில் நீராடி மலையேறினால் மனக்கலக்கம் தீரும் என்ற நம்பிக்கையும், மேல்மலையனூர் அமாவாசையில் அங்காளம்மன் முன் போய் நின்றால் பிடித்தது விலகும் என்ற நம்பிக்கையும் இங்கே தலைமுறைகளாக உள்ளவை. அந்த நம்பிக்கையை மருத்துவத்துக்கு எதிரியாக நிறுத்துவது தேவையற்றது. தன்னை யாரும் கைவிடவில்லை என்ற உணர்வு ஒருவருக்கு அங்கே கிடைக்கிறது என்றால் அதுவும் துணைதான். நான் கேட்பவை மூன்று: மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள், விரதம் என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள், அடிப்பது, புகை போடுவது, கட்டிவைப்பது என்று யார் தொடங்கினாலும் அப்போதே கிளம்பிவிடுங்கள். மண்டலக் கணக்கில் அங்கேயே தங்கவைத்து மருத்துவரிடம் காட்டாமல் கழிக்கும் காலம்தான் இதன் உண்மையான செலவு. மனச்சிதைவில் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்குகிறது.

## எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது

| நிலைமை | முதலில் முயல வேண்டியது |
|---|---|
| மாத்திரை சாப்பிடுகிறார், பகலில் வீட்டில் ஆள் உண்டு | வீட்டிலிருந்து வெளிநோயாளியாக |
| மாத்திரை மறுப்பு, மருந்து பலிக்கவில்லை, நோய் தெளிவாகவில்லை | உடன் தங்கி உள்நோயாளியாக |
| தற்கொலைப் பேச்சு, உணவு மறுப்பு, தாக்குதல் | உடனே மருத்துவமனை; எந்த மருத்துவமனையிலும் 72 மணி நேரம்வரை அவசரச் சிகிச்சை தரலாம் |
| கவனிப்பவர் முற்றிலும் ஓய்ந்துவிட்டார், மாற்று ஆள் இல்லை | திரும்பும் தேதியோடு, குறுகிய காலத்துக்கு இல்லம் |

பெரும்பாலான குடும்பங்கள் இந்த வழிகளில் ஒன்றிலேயே நிற்பதில்லை. வீட்டில் தொடங்கி, இடையில் சில வாரம் பாகாயத்திலோ அடுக்கம்பாறையிலோ தங்கி, மீண்டும் வீட்டுக்கு வருவதுதான் வழக்கமான பாதை. அப்படி மாறுவதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. கவனிப்பவர் இரவில் தூங்குகிறாரா, தனக்கு வந்த காய்ச்சலுக்கு மருந்து வாங்கினாரா என்பதை உறவினர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால் மாற்றத்துக்கான நேரம் வந்துவிட்டது. நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாத நிலையில், 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கவனிப்பவரும் தமக்காக அழைக்கலாம்.

அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், அடுத்த முறை நோய் முற்றினால் தன்னை எங்கே சேர்க்கலாம், எந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். நியமனப் பிரதிநிதியாக ஒருவரைக் குறிக்க முத்திரைத் தாள் வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் எழுதி அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அதில் ஒரு நகலை மருத்துவ நோட்டுக்குள் வைத்துவிடுங்கள்.